நடுக்கட்டத்தில் எழுதிய ஊர்

சித்தூர் ஆந்திராவிலேயே இருக்குமா, சென்னை ராஜ்யத்துக்குப் போகுமா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த கோடை விடுமுறை. என் மகளும் பக்கத்து வீட்டுத் தெலுங்குச் சிறுமி சரளாவும் தினமும் தாயம் ஆடுவார்கள். ஒருநாள் என் வீட்டுக்காரர் நடுக்கட்டத்தில் ‘சித்தூர்’ என்று எழுதினார். முதலில் அங்கே காய்களைச் சேர்ப்பவருக்கு ஊர் சொந்தமாம். அவருக்கு அது வேடிக்கை.

சரளாவின் காயை வெட்டிய என் மகள், “இது எங்க ஊரு. மூட்ட கட்டிக்கினு கெளம்புங்க” என்றாள். பேப்பர் படிக்கும்போது அவள் அப்பா சொல்கிற அதே வார்த்தைகள்.

மகளை அழைக்க வந்த சரளாவின் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். “இத்த பாப்பாவுக்கு யாரு சொல்லிக் குடுத்தது அக்கா?” என்று கேட்டுவிட்டு, சரளாவைக் கூட்டிப் போனார். அப்புறம் அனுப்பவேயில்லை.

இப்போது குழந்தை எதிரில் பேப்பர் சேதியைப் பேச அவரை நான் விடுவதில்லை. என் மகள் இரண்டு பக்கத்துக்கும் தானே கட்டை உருட்டுகிறாள். சரளாவின் காய்களை மட்டும் வெட்டுவதில்லை.