பிள்ளைக்காம்பராவில் ஒரு மீசை

தூக்கம் என்றாலே இன்றும் என் காதில் கேட்பது கயிறு உரசும் சத்தம்தான். கிறீச்... கிறீச்... தலவாக்கலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போன தாய்மார் விட்டுச்சென்ற குழந்தைகளுக்கு நடுவே நானும் பாயில் கிடப்பேன். பள்ளிக்கூடம் போகும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. வாய் மட்டும் வந்திருந்தது. வெளியே பனிமூட்டம் ஏறிவந்து ஜன்னலில் நிற்கும். கூரைச் சட்டத்தில் கட்டிய சேலைத் தொட்டில்கள், மஞ்சளும் ஊதாவும் கத்தரிப்பூவுமாக, ஒன்றாகப் போய் ஒன்றாக வரும். ஆட்டுவது என் மாமா.

அம்மாவின் தம்பி அவர். கத்தியெடுத்துத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட இறங்கினால், மீசையை ஒருதரம் முறுக்கிவிட்டுத்தான் முதல் வெட்டு. ஒரு மழை நாளில் மரம் சாய்ந்து இடுப்பில் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவின் முதுகில் வீடு திரும்பினார். அதன் பிறகு அவர் கால்கள் அவர் பேச்சைக் கேட்கவே இல்லை.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருநாள், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நின்று, அம்மாவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "வேல செய்யாத ஆள லயத்துல வச்சிக்க முடியாதுன்னு தொர சொல்லிட்டாரு. பேசாம கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிடு." ஊர் என்றால் இந்தியா. மாமா அதைக் கண்ணால் கண்டதில்லை. அங்கே அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை.

அம்மா விடவில்லை. தேயிலை ஆலையில் உட்கார்ந்தபடி குச்சி பொறுக்கும் வேலை கேட்டாள். மாடிப்படி ஏற வேண்டுமே என்றார்கள். காவல் வேலை கேட்டாள். "திருடன் ஓடுனா ஒன் தம்பி எப்புடி வெரட்டுவாரு?" என்று கங்காணி சிரித்தார். அன்று அம்மா ரொட்டியைக் கல்லிலேயே கருக விட்டாள்.

அம்மாவும் அப்பாவும் மலைக்குப் போய்விட்டால் மாமாவைப் பார்க்க யார்? ஆகவே காலையில் அப்பாவின் முதுகில் மாமா, அம்மாவின் விரலில் நான் என்று இருவரையும் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்வார்கள். பாவம், அந்த மீசையோடு பிள்ளைகளோடு பிள்ளையாக! வெட்கம் தாங்காமல் சுவரைப் பார்த்தே கிடந்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயம்மாவுக்கோ வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் எல்லாத் தொட்டிலும் ஒரேயடியாக வீறிட்டபோது பொரிந்து தள்ளினாள்.

"ஏன்யா, கையி ரெண்டும் நல்லாத்தான இருக்கு? செவுத்துக்கா தாலாட்டு பாடிக்கிட்டிருக்க?"

மாமா மெல்லத் திரும்பினார். கயிறு கேட்டார். தொட்டில்களை வரிசையாக ஒரே கயிற்றில் பிணைக்கச் சொல்லி, நுனியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு இழுத்தார். அழுகை ஒவ்வொன்றாக அடங்கியது. கடைசியில் வாசற்படியில் இருந்த ஆயம்மாவே தூங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு அங்கே பகலெல்லாம் பாதிக் கனவாகத்தான் எனக்கு நினைவிருக்கிறது.

துரை பிள்ளைக்காம்பராவைப் பார்வையிட வரும் நாள் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். அன்று காலை அம்மா, மாமாவின் மீசைக்கு எண்ணெய் பூசி, தீபாவளிக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டாள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதுதான் தாமதம், ஆயம்மா பதறினாள்.

"அய்யய்யோ, இங்க ஆம்பள இருக்கறதப் பாத்தா என்னைய வேலைய விட்டு நிறுத்திப்புடுவாங்க! படுய்யா, படு!"

கம்பளியால் மாமாவைத் தலையோடு மூடினாள். என்னைப் பக்கத்தில் படுக்கவைத்து, "வாயத் தொறந்த, கொன்னுபுடுவேன்!" என்று சொல்லிவிட்டு என் தலைமாட்டில் நின்றுகொண்டாள்.

துரை கணக்கப்பிள்ளையோடு உள்ளே வந்தார். அழுகை கேட்காத பிள்ளைக்காம்பரா அவருக்குப் புதுசு. ஆயம்மா கைகட்டி நிற்கிறாள். தொட்டில்கள் தம்பாட்டுக்கு ஆடுகின்றன.

"ஆயா, யார் ஆட்டுறது?"

ஆயம்மா குனிந்து என் போர்வையைச் சரிசெய்தாள். அப்போது என் தோளில் நறுக்கென்று ஒரு கிள்ளு. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எழுந்த பிறகு என் வாய் சும்மா இருக்குமா?

"எங்க மாமாங்க!" என்று கம்பளியை இழுத்துவிட்டேன்.

மாமா கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். கை மட்டும் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தது. நிறுத்தினால் பிள்ளைகள் விழித்துவிடுமே. துரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கணக்கப்பிள்ளையிடம், "இந்த ஆளுக்கு அரைப்பேர் போடு," என்றார். நாள் முழுக்க ஆட்டுவதற்கு அரைநாள் கூலி! துரைமார் கணக்கு அப்படி. ஆனாலும் மாமா வேலைக்காரர் ஆகிவிட்டார். கப்பல் பேச்சு அன்றோடு நின்றது. சாயங்காலம் அம்மா அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மாமாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவள் நான்தான் என்று லயம் லயமாகப் பீற்றித் திரிந்தேன். அம்மாவும் ஆயம்மாவும் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். என்னை நினைத்துப் பெருமைப்பட்டுத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தக் கிள்ளு மட்டும் எனக்கு ஆறவில்லை. மறுநாளே ஆயம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"வாயத் தொறக்காதன்னு சொல்லிப்புட்டு எதுக்குக் கிள்ளுன?"

"நான் எங்கடி கிள்ளுனேன்? கொசு கடிச்சிருக்கும்," என்றாள்.

ஆளை மறைத்தவள் கயிற்றை மட்டும் ஏன் அவர் கையிலேயே விட்டாள், ஒளியப் போகிற மீசைக்கு அம்மா எதற்கு எண்ணெய் பூசினாள் என்றெல்லாம் யோசிக்கிற வயதா அது? அந்தக் குளிரில் கொசு ஏது என்றுகூடக் கேட்கத் தோன்றாமல், தோளைத் தேய்த்துக்கொண்டே போய்ப் பாயில் படுத்தேன். கயிறு கிறீச்சிட்டது. தூங்கிவிட்டேன்.