திருட்டு கேமும் ஒரு மயிலும்

நாற்பது வயதில் வீடியோ கேம் ஆடுகிறவனை எங்கள் தெருவில் யாரும் மதிப்பதில்லை. என் மனைவி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். கோவில்பட்டியில் பழைய கன்சோல் ஒன்றை வாங்கி வந்தபோது, டிவிக்குப் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கித் தந்ததே அவள்தான்.

அவளுக்குக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி தொழில். புதியம்புத்தூரில் ரெடிமேட் யூனிட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது கற்றுக்கொண்டது. கல்யாண ஜாக்கெட்டுக்கு வேண்டிய பூ, கொடி, மயில் எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஒவ்வொரு தையலாகப் போட்டு வைத்திருந்தாள். ஆறு வருஷத்து உழைப்பு. வேறெங்கும் நகல் கிடையாது.

அந்த லேப்டாப்பில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய கன்சோலில் ஓடாத புதுக் கால்பந்து கேமை ஒரு திருட்டுத் தளத்திலிருந்து காசில்லாமல் இறக்கினேன். இறக்கிய ஃபைலைத் திறக்கும் முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னது அந்தத் தளம். முன்பின் தெரியாத ஆள் வாசலில் வந்து நின்று, "முதலில் நாயைக் கட்டிப் போடுங்க" என்றால் யாராவது கட்டுவார்களா? நான் கட்டினேன்.

கேம் வரவில்லை. அவளுடைய டிசைன்கள்தான் ஒவ்வொன்றாகத் திறக்க முடியாமல் போயின. பணம் அனுப்பினால் பூட்டைத் திறப்போம் என்று திரையில் ஒரு மிரட்டல். மறுநாள் காலை லேப்டாப் பழுதுபார்க்கும் அண்ணாச்சி, "பணம் கட்டுனாலும் திறந்து விடுவானுவன்னு சொல்ல முடியாது" என்று கையை விரித்துவிட்டார்.

பசுவந்தனைப் பெண் ஒருத்திக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். நூறு டிசைன் பார்த்தும் ஒரு மயில்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. பட்டுத் துணியைக் கொடுத்துப் போயிருந்தாள். அந்த மயிலும் போய்விட்டது.

"என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க? ஒடம்புக்கு முடியலையா?" என்றாள் மனைவி.

சொன்னேன். அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து பட்டுத் துணியை மடித்து வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. பிறகு எழுந்து, "வேஸ்ட் துணியெல்லாம் தேடுங்க" என்றாள்.

பட்டில் தைக்கும் முன் வேஸ்ட் துணியில் ஒருமுறை தைத்துப் பார்ப்பது எம்பிராய்டரி போடுகிறவர்கள் வழக்கம். அந்தத் துண்டுகளை அவள் எறியமாட்டாள். பானை இறக்க, எண்ணெய் துடைக்க என்று வீடெல்லாம் கிடக்கும். அவற்றைப் பார்த்து டிசைனை மறுபடி லேப்டாப்பில் போட்டுவிடலாம். இருவரும் பொறுக்கினோம். அடுப்படியில் தாமரை கிடைத்தது. பைக் சீட்டுக்கடியில் கரிசல் மண் அப்பிய மாங்காய்க் கொடி. மயில் மட்டும் இல்லை.

"விடுங்க, அந்தப் பிள்ளைட்ட நானே சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

அப்போதுதான் கன்சோல் மேல் கிடந்த துணி கண்ணில் பட்டது. தூசி துடைக்க அவள் தந்தது. உதறி விரித்தேன். தோகையும் கொண்டையுமாக அதே மயில், முழுதாக. இரண்டு வருஷமாகக் கேம் ஆட உட்காரும்போதெல்லாம் அதை எடுத்துத் துடைத்திருக்கிறேன். ஒருநாளும் அதில் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் அதை வாங்கி மடியில் வைத்து நீவினாள்.

"நான் மொதமொத போட்ட மயிலு இது. நீங்க தெனமும் பாக்குத எடமாச்சேன்னு அங்கன வச்சேன்."