ஒரகடம் சாலையில் ஏழுமலையைத் தேடி

வேலூரில் காலை ஆறு மணிக்குச் சென்னைப் பேருந்து ஏறினேன். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கும்போது எட்டரை. அங்கிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ, நாற்பது ரூபாய்.

"எந்தக் கம்பெனி சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"கம்பெனி இல்லப்பா. கூட மிலிட்டரில இருந்தவரப் பாக்கப் போறேன்."

"இங்க கேட்டுக்கு கேட்டு மிலிட்டரிதான் சார் செக்யூரிட்டியா நிக்கறாங்க" என்று சிரித்தார்.

கார்கில் போரின்போது நான் ஹவில்தார்; கனரகப் பீரங்கி ஒன்றுக்குத் தலைவன். அப்படி ஆறு சேர்ந்தது ஒரு பேட்டரி. பன்னிரண்டு டன் எடையை லாரி இழுக்கும். குறி வைக்க ஒருவர், குண்டு சுமக்கவும் திணிக்கவும் சிலர், லாரிக்கு ஓட்டுநர் என்று ஒரு பீரங்கிக்கு எட்டொன்பது பேர். சுடுவதைவிட மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. எதிரி பார்த்துவிடுவான் என்பதால் இருட்டில், விளக்கில்லாமல்தான் மலையேறுவோம். எங்கள் ஓட்டுநர் ஏழுமலை. காரைக்குடிப் பக்கத்துக் கதிரேசன் கட்டையோடு பின்னால் நடப்பான். வண்டி நின்றால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பது அவன் வேலை.

ஒன்பதேகாலுக்கு லாரிகள் நிற்கும் மைதானத்தை அடைந்தேன். புதுக் கார்களை ஏற்றிய நீண்ட டிரெய்லர் ஒன்றுக்கு விசில் ஊதி, கைகாட்டி, பின்னால் எடுக்க வைத்துக்கொண்டிருந்தார் ஏழுமலை. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு, பட்டாளத்தில் மூத்தவர்களைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டார்.

"உஸ்தாத்! இன்னா இவ்ளோ தூரம்?"

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். போரில் இரண்டு ராத்திரி தொடர்ந்து ஓட்டிய ஏழுமலை, மூன்றாம் ராத்திரி, கண் சொக்குகிறது, இரண்டு மணி நேரம் தூங்க விடுங்கள் என்று கேட்டார். விடிவதற்குள் மேலே இருக்க வேண்டும், ஓட்டு என்றேன். ஒரு வளைவில் வண்டி பின்னால் நழுவிற்று. பீரங்கிச் சக்கரத்தின் அடியில் கதிரேசன் போனான். ஓட்டுநர் களைப்பென்று சொன்னாரா என விசாரணையில் கேட்டார்கள். இல்லை என்றேன். எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஏழுமலையின் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கிச் சமையல்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

அவர் டீயை முழுவதும் குடித்து முடித்தார்.

"எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றீங்க உஸ்தாத்? எனக்குத் தெரிஞ்சதுதானே. வூட்ல வந்து சொல்லுங்க."

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஏறி வல்லக்கோட்டையைத் தாண்டிப் பிள்ளைப்பாக்கத்தில் இறங்கினோம். அவர் மனைவி அலமேலு சாப்பாடு போட வந்தார். வேண்டாம் என்று நின்றபடியே எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கணவரைப் பார்த்தார்.

"நீ சொன்னப்ப நான் நம்பலியே."

"வுடு அலமேலு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தூங்கி ஒரு ஆளக் கொன்னுட்டான்னு எங்க மாமனாரு சாவற வரைக்கும் இவரு கூட பேசல. அப்பவே நீங்க ஒரு லெட்டர் போட்டிருக்கக் கூடாதா?"



நான்கு மணிக்குப் பஸ் நிறுத்தம்வரை ஏழுமலை வந்தார்.

"கதிரேசன் வூட்டுக்குப் போனீங்களா உஸ்தாத்?"

"இல்ல."

"நான் ரெண்டு தபா போனேன். நான்தான் தூங்கிட்டேன்னு சொல்லி அவங்க அம்மா கால்ல வுழுந்துட்டு வந்தேன்."

"நீ ஏன் அப்படிச் சொன்ன?"

"அந்தம்மா யாரையாவது கோச்சிக்கணும் இல்ல? எதிர்ல நான் நின்னுகினு இருந்தேன்."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"போன தைல தவறிட்டாங்க."

பேருந்து வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஏழுமலை கையை உயர்த்தினார். பதிலுக்கு உயர்த்த எனக்குக் கூச்சமாக இருந்தது. வேலூரிலிருந்து காரைக்குடிக்கு ஒரு ராத்திரிப் பயணம்தான். இத்தனை வருடத்தில் என்றைக்கு வேண்டுமானாலும் நான் போயிருக்கலாம்.