அத்தர் பஞ்சு

இன்று காலை என் மகள் தன் புது சென்ட்டை என் மணிக்கட்டில் கொஞ்சம் அடித்துவிட்டாள். லேசான மல்லிகை வாசம். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் கையை மூக்கிடம் கொண்டுபோய்க்கொண்டே இருந்தேன். பிள்ளைகளே, லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடே இப்படி மணந்த ஒரு நாள் உண்டு.

அன்று என் அத்தையைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அத்தை டீச்சர். வேலையை விடச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் காலையிலிருந்து அத்தைக்குச் சோறே இறங்கவில்லை.

எங்களோடு பழகித் தமிழ் பேசும் பக்கத்து வீட்டு ரஷீத், எங்களுக்கெல்லாம் சித்தப்பா முறையில் சாச்சா, எல்லோருக்கும் மல்லிகை அத்தர் தொட்ட பஞ்சு கொடுத்தார். அதைக் காது மடலில் செருகிக்கொள்வதுதான் இந்த ஊர் வழக்கம். அப்பாவோ ஒர்க்‌ஷாப்பில் சம்மட்டிச் சத்தத்துக்குப் பஞ்சு அடைத்துப் பழகியவர். இரண்டு காதையும் இறுக்கி அடைத்துக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைய விட்டுரணும், சம்மதந்தானே?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

என் அப்பா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

அத்தை உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

"அண்ணனுக்குக் காது அடைச்சிருக்கு. எனக்கு நல்லாக் கேட்டுச்சுங்க. வேலைய விடமாட்டேன்."

மாப்பிள்ளை தன் அப்பாவிடம் திரும்பினார்.

"நக்கோப்பா, அதெல்லாம் வேணாம். அவங்க வேலைக்குப் போகட்டும்."

அவர் அப்பாவும் சரியென்று தலையசைத்தார். சாச்சா எழுந்து என் அப்பாவின் காதிலிருந்து பஞ்சை உருவினார்.

"கல்யாணம் பேசி முடிச்சாச்சு பாய். இப்பக் கேளு."

அந்த மாப்பிள்ளைதான் நாச்சாரத்தில் இருக்கும் நம் மாமா. ரிட்டயரான பிறகும் அத்தை டியூஷன் எடுக்கிறாள். டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு டீ போடுவது மாமாதான்.