கோட்டுக்காரர் கேட்ட நூறு ரூபாய்

மாதம் முப்பது ரூபாய் என்று என் வீட்டுக்காரர் சொல்லி முடிப்பதற்குள் நான் அதில் பாதியைச் செலவழித்துவிட்டேன். மனதுக்குள்தான். கூரையைப் பிரித்து ஓடு போட்டேன், மாடுகளுக்குச் சலங்கை வாங்கினேன், எனக்கு அரக்கு நிறத்தில் ஒரு கண்டாங்கிச் சேலை எடுத்தேன். அடுப்பில் கேப்பைக் கூழ் அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் கையில் அகப்பை இருப்பதே நினைவுக்கு வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு ஊரில் என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் கூழ் விஷயம் தெரியாது.

காரைக்குடிக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் ஊர் அங்கிருந்து மூன்று மைல். எங்களிடம் ஒரு ஜோடி மாடும் ஒரு பார வண்டியும் இருந்தன. தேவகோட்டைக்கும் திருப்பத்தூருக்கும் மூட்டை ஏற்றிப் போவதுதான் பிழைப்பு. அதோடு கண்மாய்க்குக் கீழே ஒரு குறுக்கம் வயல். என் கல்யாணத்தின்போது என் அப்பா எனக்கென்று கொடுத்தது. ரயில் வந்துவிட்டால் வண்டியை யார் கூப்பிடப் போகிறார்கள் என்பதுதான் அப்போது வண்டிக்காரர்களிடையே ஒரே பேச்சு. சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு, மாட்டுக்கு லாடம் கட்டப் போனாலும் அதே பேச்சு.

அந்த மாடும் வண்டியும் கடனில் வந்தவை. காரைக்குடியில் ஓர் ஆச்சியிடம் நூற்றைம்பது ரூபாய் வாங்கியிருந்தோம். செட்டியார் வீட்டுப் பெண்கள் தங்கள் சீதனப் பணத்தைத் தாங்களே வட்டிக்கு விடுவார்கள். கணவர் பர்மாவில் லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடத்தினாலும் இந்தப் பணத்தில் கை வைக்கமாட்டார். எங்கள் ஆச்சிக்கு என் வயதுதான் இருக்கும். சிரிக்கவும் மாட்டார், சிடுசிடுக்கவும் மாட்டார். புரோநோட்டில் ஒட்டிய ஒரணா ஸ்டாம்பின் மேல் என் வீட்டுக்காரர் கட்டைவிரலை அழுத்தி வைத்தார். தை மாதம் பிறந்தால் வட்டியைக் கட்டிவிடுவோம். முதல் மட்டும் அப்படியே நின்றது.

நோட்டுக்கு மூன்று வருடம்தான் உயிர். அதற்குள் முதலைத் தீர்க்காவிட்டால் புது நோட்டு எழுதி, கண்மாய் வயலையும் ஈடாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசியிருந்தோம். அந்த வயலை நினைத்துத்தான் வாரம் ஒரு ரூபாயைக் குதிருக்குள் வைத்திருந்த கலயத்தில் போட்டு வந்தேன். வண்டி ஓடாத வாரம் மோர் விற்றாவது போட்டேன். கெடுவுக்கு இருபது நாள் இருக்கும்போது கலயத்தில் நூற்றைம்பத்திரண்டு ரூபாய் சேர்ந்திருந்தது. எண்ணிப் பார்த்த அன்று தரையில் கால் பாவவில்லை.

சரியாக அந்தச் சமயத்தில்தான் காரைக்குடிச் செக்காலையில் ஒரு வீட்டின் முன்கட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கோட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். கறுப்புக் கோட்டு, குடை, சிவப்புப் பென்சில், அச்சடித்த ரசீதுப் புத்தகம். ரயில் பாதைக்குச் சரளைக்கல் அடிக்க வண்டிகள் வேண்டுமாம். பாதை முடிந்த பிறகும் ஸ்டேஷன் வேலைக்கு அதே வண்டிகளாம். வண்டிக்கு மாதம் முப்பது ரூபாய். ஜாமீனாக நூறு ரூபாய் கட்டிவிட வேண்டும். என் வீட்டுக்காரரின் பங்காளி ஒருவன், எங்களுக்கு அடுத்த வீடு, பெண்டாட்டியின் காதுத் தண்டட்டியை அடகு வைத்து முதல் ஆளாகப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தான். அந்தப் பெண் வெறுங்காது தோளில் இடிக்க எங்கள் வீட்டுக்கு வந்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு ரசீதைக் காட்டினாள்.

ஆனால் எங்களை உண்மையில் சாய்த்தது ரசீது இல்லை. பங்காளி பணத்தைக் கட்டும்போது, இது நிஜந்தானா என்று இழுத்துக் கேட்டிருக்கிறான். கோட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "நான் ஏமாத்தினா போய்க் காசு வெட்டிப் போடுங்க" என்றாராம்.

காளையார்கோவிலுக்கு அந்தப் பக்கம் ஒரு காளி இருக்கிறாள். பொய் சொல்லிச் சொத்தைப் பிடுங்கினவன், வாங்கினதை இல்லை என்றவன், இவர்களிடம் ஏமாந்தவர்கள் அங்கே போய் ஒரு காசை வெட்டிப் போடுவார்கள். அப்புறம் ஏமாற்றினவன் குடும்பத்தை அவள் பார்த்துக்கொள்வாள். எங்கள் பக்கத்தில் கொலைக்குப் பயப்படாதவர்கள்கூட அதற்குப் பயப்படுவார்கள். அப்படிப்பட்ட வார்த்தையை ஒருவர் தானாகவே தன் தலைமேல் எடுத்துப் போட்டுக்கொண்டால் அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு சொல்லில் விழுந்தார்கள். நானும் விழுந்தேன்.

கலயத்தைக் கேட்க என் வீட்டுக்காரர்தான் தயங்கினார். "ஆச்சிக்கு என்ன சொல்றது?" என்றார்.

"நீங்க ஏன் கவலைப்படுறீக? நான் போய்ப் பேசுறேன். அம்பது ரூவா குடுத்துட்டு மிச்சத்துக்குத் தவணை கேப்போம்" என்றேன். அவ்வளவு அவசரம் எனக்கு.

சந்தை நாளன்று வண்டி கட்டிக்கொண்டு போனோம். அவர் தெருமுனையில் வண்டியோடு நின்றார். நான் பணமுடிப்பை மடியில் கட்டிக்கொண்டு ஆச்சி வீட்டுக்குள் போனேன். ஆச்சி உள்வாசலில் காயவைத்த மிளகாயைத் துழாவிக்கொண்டிருந்தார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ரயில், சரளைக்கல், முப்பது ரூபாய், ஜாமீன்.

"தாராளமாக் கட்டுங்க" என்றார் ஆச்சி. "எனக்கு அம்பது குடுத்துரு. மிச்சம் நூறுக்குப் புது நோட்டு. வயல் பத்திரத்தைக் கொண்டுக்கிட்டு உங்க வீட்டுக்காரரை நாளைக்கு வரச்சொல்லு."

ஒரு ஆச்சரியமும் இல்லை, ஒரு வாழ்த்தும் இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அவரு லேசுப்பட்ட ஆள் இல்ல ஆச்சி. ஏமாத்துனா காசு வெட்டிப் போடுங்கன்னு அவரு வாயாலயே சொல்லியிருக்காரு" என்றேன், பெருமையாக.

ஆச்சியின் கை அப்படியே நின்றது. "அந்தப் பேச்சை ஏன் என் வீட்டுக்குள்ள பேசுறே?" என்று சொல்லி, மிளகாய்க் கை என்பதையும் மறந்து கன்னத்தில் மாறிமாறிப் போட்டுக்கொண்டார். மறு நிமிடம் எரிச்சல் தாங்காமல் கிணற்றடிக்கு ஓடினார்.

தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் மிளகாய்க்குப் பக்கத்தில் தனியாக நின்றேன். யாரையும் ஏமாற்றாத ஆச்சி இவர். மூன்று வருடத்தில் ஓரணா கூட அதிகம் வாங்கியதில்லை. அவரே அந்த வார்த்தையைக் காதால் கேட்டதற்குக் கன்னத்தைப் பழுக்கவைத்துக்கொள்கிறார். நானும் அதை வேறு எந்த நாளிலாவது வாய்விட்டுச் சொல்லியிருப்பேனா? கோட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னாராமே! அப்படியானால் அவருக்கு அது என்னவென்றே தெரியாது. காப்பிக் கிளப்பில் யாரோ பேசியதைக் கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்.

அவ்வளவும் தெரிந்த பிறகும், முப்பது ரூபாய் என் காதுக்குள் ஒலித்துக்கொண்டேதான் இருந்தது. ஒருவேளை நிஜமாக இருந்தால்? ஒருவேளை அவர் வெளியூர்க்காரர் என்பதால் மட்டும் அப்படிச் சொல்லியிருந்தால்? மடியில் முடிப்பு கனத்தது. ஆச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்ததும் முடிப்பை அவிழ்த்து அவர் முன்னால் வைத்தேன். "நூத்தம்பதும் இருக்கு. எண்ணிக்கங்க. நோட்டைக் குடுத்துருங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"கேக்க வந்தது ஒண்ணு, செய்யறது ஒண்ணா?" என்றார் ஆச்சி. ஆனால் எண்ணினார், இரண்டு தடவை. உள்ளே போய் நோட்டைக் கொண்டுவந்து, ரேகை வைத்த ஸ்டாம்பின் நடுவே கிழித்து இரண்டு துண்டையும் என் கையில் கொடுத்தார்.

வெளியே வந்தபோது கால் தரையில் நிற்கவில்லை. தெருவில் நான் ஓடியதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

"தவணை குடுத்துட்டாகளா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கடனைத் தீத்துட்டேன்" என்று கிழிந்த நோட்டைக் காட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "என் பொழப்பையும் சேத்துல்ல கிழிச்சுட்டே" என்றார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னதுதான் என்னைக் கலக்கிவிட்டது. நான் நினைத்தது தப்பாக இருந்தால் நாளைக்கு மற்ற வண்டிகளெல்லாம் ரயில் வேலைக்குப் போகும், எங்கள் வண்டி மட்டும் வாசலில் நிற்கும். என் அவசரத்தால் நின்றதாக ஆயுசு முழுக்க அவர் நினைப்பார். "வண்டியைச் செக்காலைக்கு விடுங்க" என்றேன்.

அங்கே எட்டு வண்டிகள் அவிழ்த்துவிட்டு நின்றன. எங்கள் ஊர்க்காரர்கள் ஐந்து பேர் அன்று காலையில்தான் பணம் கட்டியிருந்தார்கள். பங்காளியோடு சேர்த்து மூன்று பேர் முன்பே கட்டியவர்கள். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அந்த ஆள் சிவப்புப் பென்சிலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஆண்கள் கூடியிருந்த இடத்தில் நான் நேராக உள்ளே போனேன். என் வீட்டுக்காரர் பின்னால் முந்தானையைப் பிடித்து இழுத்ததும் தெரியும்.

"ஐயா, பணம் ரெடி. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை. காசு வெட்டிப் போடச் சொன்னீகளாமே, நீங்களும் எங்க கூட வந்து சாமி முன்னால அதைச் சொல்லிருங்க. வண்டி எங்களுது" என்றேன்.

"அதுக்கென்னம்மா, இன்னிக்கே போகலாம்" என்றார் அவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"எந்தக் கோவிலுக்கு வண்டியை விடச்சொல்ல?"

பென்சில் நின்றது. ஒரு கணம் யோசித்தார். "உங்க ஊர்ல பெரிய கோயில் எது, திருக்கோஷ்டியூர்தானே? அங்கயே வெட்டலாம்."

வெளியே ஒரு மாடு தலையை ஆட்டிய மணிச்சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பங்காளி, அழுவதைப் போன்ற குரலில், "அது பெருமாள் கோவிலாச்சே ஐயா" என்றான்.

பிறகு நடந்தது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. ஒருவர் வாசற்கதவை அடைத்தார், ஒருவர் பணப்பையைப் பிடுங்கினார், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பைக்குள் அன்று காலை ஐவர் கட்டிய ஐந்நூறு ரூபாய் இருந்தது. முன்பு கட்டியது எங்கே என்றதற்குப் பெரிய ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன் என்றார். போலீசுக்கு ஆள் அனுப்பலாமா என்று இவர்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போது அந்த ஆள் கொல்லைப்புறச் சுவரை ஏறிக் குதித்து ஓடிவிட்டார். கோட்டு மட்டும் ஆணியில் தொங்கியது. பங்காளி அதை எடுத்துப் போய்த் தன் கடலைக் கொல்லைப் பொம்மைக்குப் போட்டான். நூறு ரூபாய்க் கோட்டு போட்ட பொம்மை அந்த ஜில்லாவிலேயே அது ஒன்றுதான் என்று அவனே சொல்வான், சிரிக்காமல். வாரம் ஒரு ரூபாய் போட்டு வா என்று நான் என் கலயத்தை அவன் பெண்டாட்டியிடம் கொடுத்தேன். தண்டட்டி திரும்பி வர இரண்டு வருடம் ஆயிற்று.

வீடு திரும்பும்போது பாதி வழியில் என் வீட்டுக்காரர், "ஏ புள்ள, உனக்கு அங்குட்டு ஆச்சி வீட்லயே தெரிஞ்சுபோச்சா?" என்று கேட்டார். தெரிந்துவிட்டது என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை. தெரிந்த பிறகும் ஆசை போகவில்லை. முடிப்பு இன்னும் கால் நாழிகை என் மடியில் இருந்திருந்தால் அதை நானே கொண்டுபோய்க் கோட்டுக்காரரிடம் நீட்டியிருப்பேன். அந்தப் பயத்தில்தான் கடனைத் தீர்த்தேன். இதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

ரயில் வந்த அன்று நாங்களும் வண்டி கட்டிக்கொண்டு பார்க்கப் போனோம். புகையும் சத்தமுமாக அது வந்து நின்றபோது மாடுகள் மிரண்டன, நான் அவற்றைவிட அதிகமாக மிரண்டேன். பிறகு பார்த்தால், பெட்டியும் படுக்கையுமாக இறங்கிய ஜனங்கள் எல்லோரும் வெளியே வந்து வண்டி, வண்டி என்று தேடுகிறார்கள்! ரயில் ஸ்டேஷன் வரைக்கும்தானே வரும், அவர்கள் வீட்டு வாசலுக்கு யார் கொண்டுபோய் விடுவது? அந்த ஒன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றாமல் இவ்வளவு நாள் பயந்து செத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டிரங்குப் பெட்டியோடு ஒரு பெரியவர் எங்களிடம் வந்து, "செக்காலைக்கு என்னப்பா வாடகை?" என்றார்.

என் வீட்டுக்காரர் பெட்டியை வாங்கி வண்டியில் வைத்தார். "நாலணா குடுங்க. மாட்டு மேலயும் வண்டி மேலயும் ஒரு பைசா கடன் இல்ல. ஏறுங்கய்யா" என்றார்.