லூர்து கேட்ட கப்பல்

நான் டிக்கெட் கொடுக்கும் ஃபீனிக்ஸ் பே கப்பல் கவுன்டரில் காலை வரிசை நீண்டிருந்தபோது, நண்பன் லூர்துவின் மனைவி ஃபெல்சியின் போன் வந்தது. "அண்ணே, அவுக போயிட்டாக," என்றாள். சிறுநீரில் கிருமி, காய்ச்சல் என்று லூர்துவை மூன்று நாளைக்கு முன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். எத்தனையோ முறை அப்படிப் போய்த் திரும்பி வந்தவன்தானே என்று நான் பார்க்கக்கூடப் போகவில்லை. என்ன மனுஷன் நான்.

லம்பா லைனில் அவன் வீட்டு முன்னறையில் இருந்த பட்டறை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கப்பல் எஞ்சின் ஃபிட்டராக இருந்தவனுக்கு, ஏணியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தபின் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மேசைக் கால்களை அறுத்துச் சக்கர நாற்காலி உயரத்துக்கு இறக்கிவிட்டுப் படகு மோட்டார்களைப் பழுது பார்த்தான். பேச்சின் நடுவே இரு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிப்பான். உட்கார்ந்தே இருந்தால் புண் வந்துவிடும். முதல்முறை அதைப் பார்த்த என் மனைவி, எழுந்து நிற்கப் போகிறான் என்று கும்பிட்டேவிட்டாள். "மதினி, சாமிய தொந்தரவு பண்ணாதீக. நான் உக்காந்துதான் இருக்கப் போறேன்," என்றான்.

எனக்கோ அவன் நடந்தே தீர வேண்டும். யார் என்ன வைத்தியம் சொன்னாலும் அவனிடம் ஓடுவேன். பத்து வருஷம் கழித்தும் நான் விடவில்லை.

அப்போது தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில், பல்பீர் என்ற விவசாயி பாக்கு மரத்திலிருந்து விழுந்து, மெயின்லேண்டில் ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்தார். அவருக்கும் கால் வராது என்று சொல்லிவிட்டார்கள். "அடுத்த கேம்பல் பே கப்பல்ல எனக்கும் ஃபெல்சிக்கும் இடம் போடுல," என்றான் லூர்து. "ரெண்டு மணிக்கொருக்க அந்தாள புரட்டிப் படுக்க வைக்கணும். போன்ல சொன்னா அவங்களுக்கு வெளங்கல. நேர்ல காட்டணும்."

அதே வாரம் சென்னையில் ஏதோ புது சிகிச்சை என்று என் காதில் விழுந்தது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கேம்பல் பேயை விட்டுவிட்டுச் சென்னைக் கப்பலில் இரண்டு இடம் போட்டேன். டிக்கெட்டை நீட்டியபோது கேம்பல் பே கப்பல் நிரம்பிவிட்டிருந்தது.

"இத யாருல கேட்டா?"

"உனக்காகத்தான்டா."

"எனக்கு வேண்டியத நான் வாய்விட்டுச் சொன்னேன்லா? கால் போனவன் பேச்சு உன் காதுல ஏறலயோ?"

அவன் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கடல் மோசமாகி, அடுத்த கப்பல் பதினெட்டு நாள் கழித்துத்தான் கிளம்பியது. நானும் கூடப் போனேன். பல்பீரின் இடுப்புக்குக் கீழே எலும்பு தெரியும் புண். லூர்து கட்டிலோரம் நாற்காலியை ஒட்டி நிறுத்தி, அவர் மனைவியின் கையைப் பிடித்து, "ஐஸே, பாபி, தீரே தீரே," என்று இந்தியில் சொல்லி மெல்ல மெல்லப் புரட்டக் காட்டினான். நான் வாசலிலேயே நின்றேன். அந்தப் புண் ஆற ஒரு வருஷம் ஆயிற்று. ஒரு வருஷம் அந்த மனிதர் குப்புறக் கிடந்தார், என் அன்பினால்.

திரும்பும் கப்பலில் நான் அழுதேன். லூர்து சமாதானம் சொல்லவில்லை. "அழுது என்ன செய்ய? அடுத்தவாட்டி கேளு," என்றான். அதன்பின் நான் அவனிடம் வைத்தியம் பேசவில்லை. அவன் மோட்டார்களைப் பற்றித்தான் பேசினோம். அந்தச் சில வருஷங்கள்தான் நாங்கள் உண்மையாகவே நண்பர்களாக இருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. முதல் பத்து வருஷத்தை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, ஒருவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு அவர் அண்ணன் கவுன்டருக்கு வந்தார். "சார், சென்னைக்கு ரெண்டு. இவன் ட்ரீட்மென்ட்டுக்கு," என்றார். லூர்துவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு பழக்கம். கவுன்டரை விட்டு வெளியே வந்து, நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து, "நீங்க எங்க போகணும்?" என்று கேட்டேன்.

அவர் அண்ணனைப் பார்த்தார், பிறகு என்னை. "ரங்கத்துக்கு, எங்க ஊருக்கு," என்றார். "என் கடைய பூட்டி அஞ்சு மாசமாச்சு."