கோமளா அக்காவுக்குத் தும்பாங் கொடுக்காதீர்கள்

மலேசியாவில், மலாக்கா பக்கத்து எங்கள் ரெம்பியாவில் தெரிந்தவர் ஒருவர் ரோட்டோரம் நடந்து போனால், பார்த்துவிட்டுச் சும்மா போகிற மனசு எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. பிரேக்கைப் பிடித்து, கண்ணாடியை இறக்கி, "ஏறுங்க, தும்பாங் தர்றேன்" என்பார்கள். ஏறாவிட்டால் முகம் தொங்கிப்போகும். கோமளா அக்காவின் இருதயத்துக்கு அந்தப் பாசம்தான் எமனாக வந்தது.

அக்கா எனக்குப் பக்கத்து வீடு. பஸ் நிற்கும் இடத்தில் தோசைக் கடை. உடம்பு நூறு கிலோவை எப்போதோ தாண்டியிருந்தது. தொண்ணூற்றாறில் மாசி மகத்தன்று செங் என்ற ஊரிலுள்ள சன்னாசிமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்துப் போனவர், மலையடியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். குடத்தை வேறு யாரோ மேலே கொண்டுபோனார்கள். அன்றைக்கு அக்கா அழுத அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை.

"என் குடத்த நானே மேல கொண்டுபோய்க் குடுக்கணும்டி. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்," என்றார்.

மறு வருடம் கோலாலம்பூரில் வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் நடந்தது. அண்டா அண்டாவாகத் தோசை மாவு கரைத்தவருக்கு இப்போது பாதித் தோசையே மலைப்பு. எடை இறங்க இறங்க அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். மலாக்காவில் இருதய டாக்டர் நளினி அந்த நினைப்பில் மண்ணைப் போட்டார்.

"வயித்தச் சுருக்கியாச்சு. இருதயத்த யாரும் தைச்சுக் குடுக்க முடியாதும்மா, நீங்கதான் அதுக்கு வேலை குடுக்கணும். தினம் காலையில நடங்க. முதல்ல மெதுவா, அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா வேகமா. நெஞ்சு வலிச்சாலோ தலை சுத்துனாலோ நின்னுடணும். டிரெட்மில்லுல ஏத்திப் பார்ப்பேன். அதுல தேறினாத்தான் பால்குடம்."

காலைக் கடையைக் கணவர் பிச்சைமுத்துவிடம் ஒப்படைத்துவிட்டு, கைலியும் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்துமாக அக்கா கிளம்பினார். சாலை வளைவைத் தாண்டவில்லை, பெண்களை ஃபேக்டரிக்கு ஏற்றிப் போகும் காந்தனின் வேன் பக்கத்தில் வந்து நின்றது.

"என்னக்கா நடந்து போறீங்க? ஏறுங்க லா!"

"பரவால்லப்பா, சும்மாதான்…"

"நான் இருக்கும்போது நீங்க நடக்கிறதா? ஏறுங்கக்கா!"

அக்கா ஏறிவிட்டார். மறுநாள் ஒரு லாரி. அதற்கு மறுநாள் தமிழ்ப்பள்ளி வாத்தியாரின் கார். ஊர் வாய் வேறு சும்மா இருக்குமா? பிச்சைமுத்து காரை விற்றுவிட்டார் என்று பேச்சு கிளம்பி, தோசைக் கல்லுக்கு முன்னாலேயே ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டார்: "பொண்டாட்டிய ரோட்டுல நடக்க விட்டுட்டு இங்க சட்னி அரைக்கிறியே, நல்லாயிருக்கா?"

சோதனை நாளில் டிரெட்மில் வேகம் பிடித்ததுமே அக்காவுக்கு மூச்சு முட்டியது. மெஷினை நிறுத்திவிட்டார்கள்.

"நடக்கிறீங்களா, இல்லையா?" டாக்டரம்மாவுக்குக் கோபம்.

"தினம் கிளம்புறேன் டாக்டரம்மா. வழியில தும்பாங் கிடைச்சுடுது."

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? எல்லாம் என் கடையில பசியாற வர்ற பிள்ளைங்க. முகத்துல அடிச்ச மாதிரி ஆயிடாதா?"

கோபமாக இருந்த டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பேச்சில் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்ப இந்த மாசி மகத்துக்கு வீட்டுலயே இருந்து கும்பிடுங்க. இல்லன்னா அதுக்குள்ள நடந்து காட்டுங்க."

அந்த இரவு அக்கா என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். திடீரென்று தொடையைத் தட்டிச் சிரித்தார். "காலையில எல்லாரும் டவுனுக்குத்தானேடி போறாங்க? ரெம்பியாவுக்கு யாரு வர்றா?"

மறுநாள் காந்தன் வேனை நிறுத்தியதும் மகாராணி மாதிரி ஏறி உட்கார்ந்தார். "ரப்பர்த் தோட்டத்து வாசல்ல இறக்கி விடுப்பா. அங்க ஒரு வேலை இருக்கு." இறங்கி, வேன் கண்ணுக்கு மறைந்ததும் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். எதிரே வந்த வண்டிக்காரர்கள் எல்லாம் கையாட்டினார்கள். வேலைக்குப் போகிற அவசரத்தில் எவனும் வண்டியைத் திருப்பவில்லை.

இறங்குகிற இடம் தள்ளிக்கொண்டே போனது. மேட்டில் ஏறும்போது முன்பெல்லாம் மூச்சுக்குத் திணறியவர், பிறகு என்னோடு வம்பளந்துகொண்டே ஏறினார். ஒரு நாள் கூடப்போன எனக்குத்தான் நாக்குத் தள்ளிவிட்டது.

அடுத்த சோதனையில் டிரெட்மில் நின்றும் அக்கா இறங்க மறுத்தாராம். "மலைக்குப் போங்க," என்றார் டாக்டர் நளினி. "ஆனா விரதம்னு பட்டினி கிடக்காதீங்க. வழியில கொஞ்சங்கொஞ்சமாத் தண்ணி குடிக்கணும்." பிச்சைமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னதையும், அக்கா தும்பாங்கில் போய் இறங்கித் திரும்பி நடந்ததையும் கடையில் வந்தவர் போனவரிடமெல்லாம் போட்டு உடைத்தார். காந்தனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

மாசி மகத்தன்று மஞ்சள் புடவையில், தலையில் குடத்தோடு அக்கா மலையேறினார். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார், தண்ணீரைக் கொஞ்சம் குடித்தார், மறுபடி ஏறினார். தன் குடத்தைத் தன் கையாலேயே பூசாரியிடம் கொடுத்தார். பால் வழிவதைப் பார்த்து அவரும் அழுதார், நானும் அழுதேன். இந்த முறை அழுவது சுகமாக இருந்தது.

மலையடியில் காந்தன் வேனோடு நின்றுகொண்டிருந்தான். கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. தலையைச் சொறிந்தான்.

அக்கா நேராக அவனிடம் போனார்.

"என்னடா முழிக்கிற? கதவத் தொற. இன்னிக்கு எனக்கு வீட்டு வாசல் வரைக்கும் தும்பாங் வேணும்!"